மனைவிக்குக் கிடைத்த வேலையோடு கப்பலேறி வந்த செல்லோக்காரர்: விக்டர் ஹெர்பர்ட்

#1 · குயின்ஸ்வாசி

சென்ட்ரல் பார்க்கில் எல்ம் மரங்கள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கும் அகலமான நடைபாதை ஒன்று உண்டு. அங்கே கச்சேரி மேடைக்குக் கிட்டத்தில் ஒரு வெண்கல மார்பளவுச் சிலை. பக்கத்தில் இருக்கும் பீத்தோவன் சிலையை எல்லோரும் படம் எடுப்பார்கள். இவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பத்து வருஷம் அப்படித்தான் கடந்து போனேன்.

போன மாதம் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் பெயரைப் படித்தேன். விக்டர் ஹெர்பர்ட். 1927-இல் வைத்திருக்கிறார்கள். சிலையைக் கொடுத்தது அஸ்காப், அதாவது பாட்டு எழுதுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்கள், பதிப்பாளர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். அதைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். இவரைப் பற்றித் தமிழில் யாராவது பேசியிருக்கிறார்களா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

பிறந்தது 1859 பிப்ரவரி 1. தான் டப்ளினில் பிறந்ததாகத்தான் சாகும்வரை நம்பினார், 1902-இல் அமெரிக்கக் குடியுரிமை கேட்டபோதும் பிறந்த இடம் அயர்லாந்து என்றே எழுதினார். பிறகு ஆவணங்களைத் தேடியவர்கள் சொல்வது வேறு: பிறந்தது இங்கிலீஷ் கால்வாயில் இருக்கும் கெர்ன்சி தீவில், அம்மா அவரிடம் மறைத்துவிட்டார் என்கிறார்கள். தாத்தா சாமுவேல் லவர், அயர்லாந்தில் பெயர் பெற்ற நாவலாசிரியர், பாட்டும் எழுதியவர், ஓவியமும் தீட்டியவர். சின்ன வயதில் அவர் வீட்டில் வளர்ந்தார். அம்மா ஒரு ஜெர்மன் மருத்துவரை மணந்ததும் குடும்பம் ஸ்டட்கார்ட் போனது. பையனுக்கும் டாக்டர் ஆக ஆசை. படிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை, செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) எடுத்தார். பெர்ன்ஹார்ட் காஸ்மன் என்ற பெரிய வித்வானிடம் இரண்டு வருஷம் பாடம். அப்புறம் வியன்னாவில் எட்வர்ட் ஸ்ட்ராஸின் குழுவில் ஒரு வருஷம், ஸ்டட்கார்ட் அரசவை ஆர்க்கெஸ்ட்ராவில் ஐந்து வருஷம்.

அங்கேதான் தெரேசா ஃபோர்ஸ்டரைச் சந்தித்தார். அரசவையில் ஆப்பரா, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகம், பாடியவர். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவுக்கு ஜெர்மன் பாடகர்களைத் தேடி வால்டர் டாம்ராஷ் ஐரோப்பா வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது தெரேசாவின் குரல். “என் கணவருக்கும் ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் கொடுத்தால் வருகிறேன்” என்பது தெரேசா போட்ட நிபந்தனை. 1886 ஆகஸ்டில் கல்யாணம், அக்டோபரில் நியூயார்க்.

பிற்காலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மேடை நாடகங்களுக்கு இசையமைத்து பிராட்வேயை, அதாவது நியூயார்க்கின் நாடக வீதியை, ஆண்டவர் அந்த ஊருக்கு வந்தது மனைவியின் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக. உட்கார்ந்த இடம் மேடைக்குக் கீழே, வாத்தியக் குழியில். அவர் பின்னால் செய்தது எல்லாவற்றுக்கும் அந்தக் குழிதான் மூலம் என்பது என் எண்ணம். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

#2 · மாடிவீட்டுக்குயில்

அருமையான தொடக்கம் அண்ணா. ரெண்டு கேள்வி. இவர் எழுதினதை ஆப்பரெட்டான்னு சொல்றாங்களே, அதுக்கும் இப்ப நாம மியூசிக்கல்னு சொல்றதுக்கும் என்ன வித்தியாசம்? அப்புறம், தெரேசா என்ன ஆனாங்க? வந்தது அவங்களால, ஆனா சிலை இவருக்கு.

#3 · குயின்ஸ்வாசி

இரண்டாவது கேள்வி என்னையும் விடாமல் அரித்தது. 1886 நவம்பரில் மெட்ரோபாலிடனில் ‘அய்டா’ முதன்முறையாக மேடையேறியபோது அய்டாவாகப் பாடியவர் தெரேசா. வெர்டியின் இத்தாலிய ஆப்பராவை ஜெர்மன் மொழியில் பாடினார்கள், அந்த வருஷங்களில் அந்த அரங்கில் எல்லாமே ஜெர்மன்தான். அன்றைக்குக் கீழே குழியில் கணவர் வில்லைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார், மேலே வெளிச்சத்தில் மனைவி. பத்திரிகையில் பெயர் வந்தது மனைவிக்குத்தான்.

ஆனால் சில வருஷங்களுக்குள் தெரேசா மேடையை விட்டு ஒதுங்கிவிட்டார். பிள்ளைகள், வீடு. ஹெர்பர்ட்டைப் பற்றி எழுதுகிற பலர் தெரேசாவை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் அந்த நிபந்தனையைப் போடாமல் இருந்திருந்தால் இவர் ஸ்டட்கார்ட்டிலேயே ஓய்வூதியம் வாங்கியிருப்பார்.

#4 · பழையதட்டு

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். நாற்பது வருடமாகப் பழைய இசைத்தட்டு சேர்க்கிறவன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு. ஆப்பரெட்டாவில் நடுநடுவே பேச்சு வரும், கதை இலேசாக இருக்கும். ஆனால் பாடுவதற்குத் தேர்ந்த குரல் வேண்டும், ஆர்க்கெஸ்ட்ராவும் பெரிது. பிற்காலத்து மியூசிக்கலில் நடிகர் பாடினால் போதும் என்ற நிலை வந்தது. ஹெர்பர்ட் நின்றது இந்த இரண்டுக்கும் நடுவில்.

அவர் வந்து இறங்கிய காலத்தில் அமெரிக்க மேடைக்கென்று சொந்தச் சரக்கு குறைவு. லண்டன், வியன்னா, பாரிஸிலிருந்து வந்ததைத்தான் போட்டார்கள். அதிலும் காசு கொடுக்காமல். கில்பர்ட்டும் சல்லிவனும் எழுதிய ‘பினஃபோர்’ 1878 கடைசியிலும் 1879-இலும் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் நடந்தது, எழுதிய இருவருக்கும் அந்த நாடகங்களிலிருந்து பைசா போகவில்லை. வெளிநாட்டவர் படைப்புக்கு அமெரிக்கச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்க ஆரம்பித்ததே 1891-இல்தான். கதையின் பிற்பகுதிக்கு இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்தத் தலைமுறையில் அமெரிக்க மேடைக்கு மெட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் வெளியிலிருந்து வந்தவர்கள் பாருங்கள். ‘தி பெல் ஆஃப் நியூயார்க்’ எழுதிய குஸ்டாவ் கெர்க்கர், ஜெர்மனியில் ஹெர்ஃபோர்டில் பிறந்து பத்து வயதில் வந்தவர். ருடால்ஃப் ஃப்ரிம்ல் பிராகில் பிறந்தவர். சிக்மண்ட் ராம்பெர்க் ஹங்கேரி, வந்த புதிதில் பென்சில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இர்விங் பெர்லின் ரஷ்யப் பேரரசிலிருந்து ஐந்து வயதில் வந்த யூதக் குழந்தை. அமெரிக்க இசை என்று இன்று உலகம் சொல்வதைக் கட்டி எழுப்பியதில் இவர்கள் கை பெரியது.

#5 · நாலாம்கம்பி

செல்லோ வாசிக்கிறவன் என்ற முறையில் நான் ஒன்று சொல்லியே ஆகணும். எங்க ஆளுங்களுக்கு ஹெர்பர்ட் பிராட்வே ஆள் இல்லை. செக் இசைமேதை த்வோர்ஷாக்குக்கு வழி காட்டினவர்.

அந்தோனின் த்வோர்ஷாக் 1892-இல் நியூயார்க் வந்தார், தேசிய இசைக் கல்லூரிக்குத் தலைவரா. அங்கே ஏற்கனவே செல்லோ சொல்லிக்கொடுத்துக்கிட்டிருந்தவர் ஹெர்பர்ட். 1893 டிசம்பரில் கார்னகி ஹாலில் ‘புதிய உலகிலிருந்து’ சிம்ஃபனி முதல்முறை வாசிக்கப்பட்டபோது செல்லோ வரிசையில் முதல் நாற்காலி இவருக்கு. கிட்டத்தட்ட மூணு மாசம் கழிச்சு, 1894 மார்ச்சில், அதே நியூயார்க் ஃபில்ஹார்மானிக், அதே நடத்துநர் ஆன்டன் சைடில், ஹெர்பர்ட்டே எழுதி ஹெர்பர்ட்டே வாசிச்ச இரண்டாவது செல்லோ கான்செர்ட்டோ. கான்செர்ட்டோன்னா ஒரு வாத்தியம் முன்னால நிக்க, ஆர்க்கெஸ்ட்ரா கூட வாசிக்கிறது. ஸ்கேலும் அந்த சிம்ஃபனியோட அதே ஈ மைனர்.

த்வோர்ஷாக்குக்கு செல்லோ மேல பெரிய மதிப்பு கிடையாது. மேல போனா மூக்கால பாடுது, கீழ வந்தா முணுமுணுக்குதுன்னு நினைச்சவர். ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ நல்லாருக்கும், தனியா முன்னால உட்கார வச்சா எடுபடாதுன்னு. ஹெர்பர்ட் வாசிச்சதைக் கேட்ட பிறகு அதே வருஷம் நவம்பரில் உட்கார்ந்து பி மைனர் செல்லோ கான்செர்ட்டோவை எழுத ஆரம்பிச்சார். செல்லோக்காரன் ஒவ்வொருத்தனும் வாழ்நாள் முழுக்கப் படிக்கிற கான்செர்ட்டோ அது.

ஹெர்பர்ட் தன் கான்செர்ட்டோவில் என்ன செய்தார்னு கேட்டுப் பாருங்க. மூணு டிராம்போன், அதாவது பெரிய பித்தளை ஊதுவாத்தியம், வச்சிருக்கார். தனி செல்லோவுக்குப் பின்னால டிராம்போன்னா, மெதுவா பேசுறவர் பக்கத்துல தவில் வச்ச மாதிரி. ஆனா செல்லோ பாடுற நேரத்தில் அதை அடக்கி, அடியில் பாய் விரிச்ச மாதிரி தாழ்ந்த சத்தமா மட்டும் வைக்கிறார். செல்லோவை உயரமான இடத்துக்கு ஏத்தி விடுறார், அங்கே எதுவும் குறுக்கே வராது. செல்லோ வாய் மூடின உடனே முழு ஆர்க்கெஸ்ட்ராவும் பொங்கும். த்வோர்ஷாக்கும் தன் கான்செர்ட்டோவில் மூணு டிராம்போன் வச்சார்.

குழியில பத்து வருஷம் உட்கார்ந்தவனுக்குத்தான் எந்தச் சத்தம் எதை மூடும்னு தெரியும். அந்த வகையில் குயின்ஸ்வாசி சொன்னதை ஒத்துக்கறேன்.

#6 · குயின்ஸ்வாசி

நன்றி நாலாம்கம்பி. நான் தேடிக்கொண்டிருந்த ஆதாரம் இதுதான்.

பிராட்வேயில் அன்றும் பின்னாலும் பலர் மெட்டை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள், ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பிரித்து எழுத வேறு ஆள். ஹெர்பர்ட் தன் நாடகங்களுக்குத் தானே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எழுதினார். எந்த வயலின்காரருக்கு எங்கே பக்கம் திருப்ப நேரம் வேண்டும், ஊதுகிறவர் எங்கே மூச்சு எடுப்பார் என்பதெல்லாம் அனுபவத்தில் தெரிந்தவர்.

1893-இல் நியூயார்க்கின் 22-ஆம் ரெஜிமென்ட் (ராணுவப் பிரிவு) பேண்டுக்குத் தலைவரானார், பாட்ரிக் கில்மோர் நடத்திப் புகழ் பெற்றிருந்த பேண்ட். கூடவே மேடை நாடகம்: 1894-இல் ‘பிரின்ஸ் அனனயஸ்’, 1895-இல் ‘தி விசர்ட் ஆஃப் தி நைல்’, 1898-இல் ‘தி ஃபார்ச்சூன் டெல்லர்’. 1898 முதல் 1904 வரை பிட்ஸ்பர்க் சிம்ஃபனியின் நடத்துநர். பிட்ஸ்பர்க்கில் இருந்துகொண்டே 1903-இல் ‘பேப்ஸ் இன் டாய்லேண்ட்’. அதில் வரும் பொம்மைகளின் அணிவகுப்பு இன்றும் டிசம்பர் வந்தால் இங்கே கடைகளில் ஒலிக்கிறது. கேட்கிறவர்களுக்கு யார் எழுதியது என்று தெரியாது.

இவர் ஆர்க்கெஸ்ட்ராவில் ஓபோ ஊதியவர் கார்ல் ஹோஷ்னா, பொஹிமியாவிலிருந்து வந்தவர். ஓபோவின் சீவாளி அதிர்வு மூளையைப் பாதிக்கும் என்று அவருக்கு ஒரு பயம். ஊதுவதை விட்டுவிட்டு, பதிப்பகம் ஒன்றில் ஸ்வரம் படியெடுக்கும் வேலைக்குப் போனார். அங்கிருந்து 1910-இல் ‘மேடம் ஷெரி’ என்ற வெற்றி நாடகத்தின் இசையமைப்பாளர். அடுத்த வருடமே சின்ன வயதில் இறந்துவிட்டார். குழியிலிருந்து மேடைக்கு ஏறியது ஹெர்பர்ட் ஒருவர் மட்டும் இல்லை.

#7 · நேர்பேச்சு

எல்லோரும் ஒரே குரலில் புகழ்கிறீர்கள். மறுபக்கத்தையும் வைக்க வேண்டும்.

1897-இல் இவர் இசையமைத்த ‘தி ஐடல்ஸ் ஐ’ நாடகம் இந்தியாவில் நடக்கிறது. பலூனில் வந்து இறங்கும் ஒரு அமெரிக்க வேடிக்கைக்காரர், ஒரு விக்கிரகத்தின் கண்ணாக இருக்கும் ரத்தினம், பூசாரிகள். நம் கோயில் சிரிப்புக்கான பின்திரை. ‘தி விசர்ட் ஆஃப் தி நைல்’ நாடகத்தில் அதே போல எகிப்து. 1911-இல் ‘நடோமா’ என்ற முழு ஆப்பரா, கலிஃபோர்னியப் பழங்குடிப் பெண்ணைப் பற்றியது, ஆனால் அந்த மக்களின் வாழ்க்கை அதில் மேலோட்டம். 1916-இல் ‘தி ஃபால் ஆஃப் எ நேஷன்’ திரைப்படம். அதை எடுத்தவர் தாமஸ் டிக்சன். கறுப்பின மக்களை இழிவுபடுத்திக் குமுறலைக் கிளப்பிய ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ எவருடைய கதையிலிருந்து வந்ததோ அதே டிக்சன். அவர் கேட்டதும் ஹெர்பர்ட் உட்கார்ந்து முழுப் படத்துக்கும் இசை எழுதிக் கொடுத்தார்.

அயர்லாந்து விடுதலைக்காகக் குரல் கொடுத்தவர், அதே 1916-இல் தொடங்கிய அயர்லாந்து விடுதலை நண்பர்கள் அமைப்புக்கு முதல் தலைவர். தன் மக்களின் அடிமைத்தனம் புரிந்தவருக்கு மற்றவர்கள் படும் பாடு ஏன் தெரியவில்லை? இதைக் கேட்காமல் சிலைக்கு மாலை போட எனக்கு மனம் வரவில்லை.

#8 · குயின்ஸ்வாசி

நேர்பேச்சு கேட்டது சரியான கேள்வி. என்னிடம் சமாதானம் இல்லை, சொல்லவும் முயல மாட்டேன். ‘தி ஐடல்ஸ் ஐ’ கதையைப் படித்தபோது எனக்கும் முகம் சுளித்தது. வசனம் எழுதியவர் ஹாரி பி. ஸ்மித் என்றாலும், மேடையில் பெயர் இருவருக்கும்தான்.

டிக்சன் படத்துக்கு எழுதிய இசை, ஒரு முழுநீளப் படத்துக்கென்றே புதிதாக எழுதிய முதல் முழு ஆர்க்கெஸ்ட்ரா இசைகளில் ஒன்று என்று சினிமா வரலாற்றில் இடம் பெற்றிருக்கிறது. படம் தொலைந்துவிட்டது, ஸ்வரத்தாள் மிஞ்சியது. இசையின் வரலாற்றில் அது முக்கியம்தான். யாருக்காக எழுதினார் என்பதையும் அதே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

#9 · பழையதட்டு

நான் இன்னொரு நாடகத்துக்கு வருகிறேன். ஹெர்பர்ட்டின் உச்சம் என்று நான் நினைப்பது: 1910 நவம்பர் 7, ‘நாட்டி மரியெட்டா’.

ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன் (பின்னால் அதே பெயரில் புகழ் பெற்ற வசனகர்த்தாவின் தாத்தா, அவரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்) தன் ஆப்பராக் கம்பெனியை மெட்ரோபாலிடனிடம் விற்றுவிட்டார். பத்து வருடம் நியூயார்க்கில் ஆப்பரா போடக் கூடாது என்பது ஒப்பந்தம். கையிலோ ஆப்பராப் பாடகர்கள். ஆப்பரா போடத்தானே தடை, ஆப்பரெட்டா போடலாமே? எம்மா ட்ரென்டினி, ஆர்வில் ஹாரல்ட் இருவரையும் வைத்து ஹெர்பர்ட்டிடம் போனார். அப்படிப்பட்ட குரல்கள் கையில் கிடைத்ததும் ஹெர்பர்ட் அடக்கி எழுதவில்லை.

கதை நியூ ஆர்லியன்ஸில். மரியெட்டாவுக்குக் கனவில் ஒரு மெட்டு வரும், ஆனால் பாதியில் அறுந்துவிடும். அதை முடித்துப் பாடுகிறவன் எவனோ அவனுக்குத்தான் தன் மனம் என்பாள். இந்தச் சின்ன முடிச்சை ஹெர்பர்ட் இசையில் எப்படிக் கையாளுகிறார் என்று கவனியுங்கள். மெட்டு தொடக்கத்திலிருந்தே வருகிறது, அரைகுறையாக. அவள் முணுமுணுப்பாள், ஆர்க்கெஸ்ட்ரா எடுக்கும், நழுவும். காதுக்குப் பழகிவிடும், ஆனால் முடிவு கிடைக்காது. நாமும் அவளோடு சேர்ந்து தவிக்க ஆரம்பிப்போம். கடைசியில் ஹாரல்ட் உள்ளிருந்து முழுதாகப் பாடும்போதுதான் அந்த மெட்டு வீடு வந்து சேரும். ‘ஆ! ஸ்வீட் மிஸ்டரி ஆஃப் லைஃப்’ அதுதான்.

பாட்டைத் தனியாக எடுத்துக் கேட்டால் இன்றைய காதுக்கு இனிப்பு அதிகம். நாடகத்தின் கடைசியில், இரண்டரை மணி நேரம் காத்திருந்து கேட்கிறவனுக்கு அது வேறு. பாட்டைக் கதையின் பூட்டுக்குச் சாவியாக வைப்பது பிறகு அமெரிக்க மேடைக்கே வழக்கமானது. என்னிடம் இருக்கும் பழைய தட்டில் இந்தப் பாட்டின் நடுவே ஒரு கீறல், சரியாக மெட்டு முடியும் இடத்தில் ஊசி துள்ளும். மரியெட்டாவின் கனவு மாதிரியே பாதியில் நின்றுவிடும். முப்பது வருடமாக அப்படியே கேட்டுக்கொண்டிருக்கிறேன், வேறு தட்டு வாங்க மனசு வரவில்லை.

#10 · மாடிவீட்டுக்குயில்

ஐயா, உங்க கீறல் விழுந்த தட்டைப் படிச்சிட்டு யூட்யூபில் போய் முழுசா கேட்டேன். நீங்க சொன்ன மாதிரி முதல்ல இருந்து கேக்கணும்னு முழு நாடகப் பதிவையே போட்டேன். ராத்திரி ஒரு மணி. அந்தக் கடைசி இடம் வந்தப்ப எழுந்து உட்கார்ந்துட்டேன்.

ட்ரென்டினி பத்தி இன்னும் சொல்லுங்க.

#11 · பழையதட்டு

ட்ரென்டினி சின்ன உருவம், பெரிய குரல், அதைவிடப் பெரிய கோபம். ஒரு நாள் ஹெர்பர்ட்டே வந்து நடத்துகிறார். ‘இத்தாலியன் ஸ்ட்ரீட் சாங்’ முடிந்ததும் கூட்டம் மறுபடி கேட்கிறது. ஹெர்பர்ட் கோலை உயர்த்தி ஆர்க்கெஸ்ட்ராவுக்குச் சைகை காட்டுகிறார். ட்ரென்டினி பாட மறுத்து உள்ளே போய்விட்டார். ஹெர்பர்ட் கோலை வைத்துவிட்டு வெளியேறினார். அடுத்து ட்ரென்டினிக்காக எழுதவேண்டிய நாடகத்தை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த இடத்துக்கு அவசரமாகப் பிடித்த ஆள்தான் ஃப்ரிம்ல். பிராகில் த்வோர்ஷாக்கிடம் படித்தவர், யான் குபெலிக்கின் வயலினுக்குப் பியானோ வாசித்துக்கொண்டு அமெரிக்கா வந்தவர், அதுவரை ஒரு நாடகமும் எழுதியதில்லை. 1912 டிசம்பரில் ‘தி ஃபயர்ஃப்ளை’, பெரும் வெற்றி. ஒருவரின் கோபத்தில் இன்னொருவருக்குக் கதவு திறந்தது.

#12 · கருப்புக்கோட்டு

வழக்கறிஞர் என்பதால் எனக்கு இவரைத் தெரிந்ததே வேறு வழியாக. சட்டக் கல்லூரியில் படித்த ‘ஹெர்பர்ட் எதிர் ஷான்லி’.

ஹெர்பர்ட் நீதிமன்றத்துக்குப் பயப்படாத ஆள். 1901-இல் ‘மியூசிக்கல் கூரியர்’ பத்திரிகை, இவர் எழுதியதெல்லாம் திருட்டு என்று எழுதியது. அவதூறு வழக்குப் போட்டார். 1902-இல் ஜூரி 15,000 டாலர் கொடுக்கச் சொன்னது, மேல்முறையீட்டில் தொகை குறைந்தாலும் வெற்றி அவருக்கே. தம்பதியை நியூயார்க்குக்கு அழைத்து வந்த டாம்ராஷே அவருக்காகச் சாட்சி சொன்னார்.

பிறகு பெரிய விஷயம். பியானோ ரோலும் (தானாக வாசிக்கும் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்) கிராமஃபோனும் வந்துவிட்டன. மெட்டை விற்றுக் கம்பெனிகள் சம்பாதித்தன, மெட்டுப் போட்டவருக்கு ஒன்றுமில்லை. ஹெர்பர்ட்டும் ஜான் பிலிப் சூசாவும் 1906-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய்ப் பேசினார்கள். 1909 சட்டத்தில் ஒரு ரோலுக்கோ தட்டுக்கோ 2 சென்ட் என்று வந்தது.

அதே சட்டத்தில் இன்னொரு வரி: இலாபத்துக்காகப் பொது இடத்தில் இசையை நிகழ்த்தும் உரிமை படைப்பாளிக்கு. காகிதத்தில் இருந்தது, யாரும் கொடுக்கவில்லை. பிராட்வேயில் ஷான்லி என்ற உணவகம், சாப்பிடுகிறவர்களுக்காக மேடை போட்டு ஹெர்பர்ட்டின் ‘ஸ்வீட்ஹார்ட்ஸ்’ நாடகப் பாட்டைப் பாட வைத்தது. ஹெர்பர்ட் வழக்குப் போட்டார். உணவகம் சொன்னது: உள்ளே வர நாங்கள் டிக்கெட் போடவில்லை, சாப்பாட்டுக்கு மட்டும்தான் காசு, ஆகவே இது இலாபத்துக்கான நிகழ்ச்சி இல்லை. கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றன. ஹெர்பர்ட் தோற்றார், மறுபடி தோற்றார்.

1917 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், எதிர்ப்புக் குரல் ஒன்றுகூட இல்லை. தீர்ப்பு மிகச் சிறியது. அதன் சாரம்: மக்கள் அங்கே வருவது இசைக்காக மட்டும் இல்லை, உண்மை. ஆனால் சாப்பாட்டுக்காக மட்டுமும் இல்லை, அதை வேறெங்கும் மலிவாகவே சாப்பிடலாம். இசையால் வரும்படி இல்லையென்றால் உணவகம் அதை நிறுத்தியிருக்கும். வரும்படி இருந்தால் அது வாடிக்கையாளரின் பையிலிருந்துதான் வருகிறது.

அஸ்காப் தொடங்கியது இதற்கு முன்னமே, 1914 பிப்ரவரியில். ஆரம்பப் பேச்சு நடந்தது 14-ஆம் தெருவில் ஜெர்மன் உணவகமான லூஹோவில். அழைத்தது முப்பதுக்கும் மேற்பட்டவர்களை, வந்தது 9 பேர். அன்றிரவு மழை. அந்த ஒன்பதில் ஹெர்பர்ட்டும் குஸ்டாவ் கெர்க்கரும், ருமேனியாவிலிருந்து வந்த வழக்கறிஞர் நாதன் பர்க்கனும் இருந்தார்கள். தலைவர் பதவியை ஹெர்பர்ட் ஏற்கவில்லை, கடைசிவரை துணைத் தலைவர். ஆனால் வழக்கில் முன்னால் நின்ற பெயர் அவருடையது. அவர்தான் அன்று நாட்டின் மிகப் பிரபலமான இசையமைப்பாளர், இழக்க நிறைய இருந்தவர். ஹோட்டல்காரர்கள் உன் பாட்டை இனி வாசிக்கவே மாட்டோம் என்று சொல்லியிருக்கலாம்.

#13 · ரெண்டாம்கீபோர்டு

இந்த இழையை மூணு நாளா சும்மா படிச்சிட்டு இருந்தேன். கருப்புக்கோட்டு சார் எழுதினதைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

லைட் மியூசிக் குழுவில் பன்னிரண்டு வருஷம் கீபோர்டு. ஒரு ஊர்ல ஒரு ஹோட்டல், சனி ஞாயிறு சாயங்காலம் கார்டன்ல வாசிக்கச் சொன்னாங்க. நாலு பேர். முதல் மாசம் காசு வந்தது. ரெண்டாவது மாசம் கேட்டப்ப மேனேஜர் சொன்னார்: “நாங்க சாப்பாட்டு வியாபாரம் பண்றோம், உங்களுக்கும்தான் தினம் சாப்பாடு போடறோமே, பாட்டுக்குன்னு தனியா யார் வர்றா?” அன்னிக்கு எங்க டேபிளுக்கு வந்தது ஆறிப்போன ஃப்ரைட் ரைஸ், நாலு பேருக்கு ரெண்டு தட்டு. கீபோர்டு ஸ்டாண்டை மடக்கிட்டு வந்துட்டோம். அடுத்த வாரம் அந்தப் பக்கம் பைக்ல போனேன், கார்டன்ல பாதி நாற்காலி காலி.

நூறு வருஷம் முன்னாடி ஒருத்தர் இதே பேச்சுக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் பதில் வாங்கினார்னு இன்னிக்குத்தான் தெரியுது. அந்த மேனேஜர்கிட்ட சொல்ல அன்னிக்கு எனக்கு வார்த்தை இல்ல.

#14 · கருப்புக்கோட்டு

தம்பி, நீங்கள் சொன்னது வாசித்ததற்கான கூலி, அது ஒப்பந்த விஷயம். ஷான்லி வழக்கு பாட்டை எழுதியவரின் உரிமை. சட்டத்தில் இரண்டும் வேறு. ஆனால் அந்த மேனேஜரின் வாதமும் ஷான்லியின் வாதமும் ஒன்றேதான், அதில் சந்தேகமில்லை. இந்தியாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாப் பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆகியிருக்கிறது. ஆனால் மேடையில் வாசிக்கிறவரின் கூலி இன்னும் வாய்ப்பேச்சில்தான் ஓடுகிறது. அடுத்த முறை ஒரு தாளிலாவது எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் தொகையைக் குறிப்பிட்டு அவர் “சரி” என்று போட்டாலும் உதவும்.

#15 · நாலாம்கம்பி

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இவ்வளவு தெரிந்தவர் அந்த இரண்டாவது கான்செர்ட்டோவுக்கு அப்புறம் செல்லோவுக்கு மூணாவது எழுதவே இல்லை. சிம்ஃபனியும் எழுதல. ரெண்டு ஆப்பரா எழுதினார், ‘நடோமா’வும், 1914-இல் மெட்ரோபாலிடனில் ‘மேடலின்’உம். ரெண்டும் நிலைக்கல. ‘நடோமா’வுக்கு மேரி கார்டன், ஜான் மெக்கார்மக் மாதிரி ஆளுங்க பாடியும் தேறல. பிராட்வே அவரைத் தின்னுடுச்சுன்னு சில சமயம் தோணும்.

#16 · குயின்ஸ்வாசி

தின்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் விரும்பித்தான் போனார். 1906-இல் ‘தி ரெட் மில்’ நடந்த அரங்கின் முகப்பில் விளக்குகளால் சுழலும் காற்றாலை வைத்திருந்தார்கள், பிராட்வே அதற்கு முன் பார்க்காத காட்சி. உள்ளே தானே எழுதிய இசை, தன் கையால் பிரித்து எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா. ஒரு சிம்ஃபனிக்கு வருஷத்துக்கு நான்கு முறை அரங்கு கிடைக்கும், இதற்குத் தினமும் கூட்டம். குழியில் உட்கார்ந்தவருக்குத் தினமும் வாசிக்கப்படுவதன் அருமை தெரியும்.

அவருடைய கடைசி வருஷத்தில் நடந்த ஒரு கச்சேரியைப் பாருங்கள். 1924 பிப்ரவரி 12, ஏயோலியன் ஹால், பால் ஒயிட்மன் ஜாஸ் குழுவின் நிகழ்ச்சி. எல்லோரும் அதை நினைவில் வைத்திருப்பது ஜார்ஜ் கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் ப்ளூ’ முதல்முறை வாசிக்கப்பட்டதற்காக. அதே நிகழ்ச்சிக்கு, 65 வயதில், ஹெர்பர்ட்டும் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தார்: நான்கு சின்னச் சின்ன செரினேடுகள், அதாவது மென்மையான இசைத் துண்டுகள். சாக்ஸஃபோன்கள் நிறைந்த ஒரு குழுவுக்கு, பிரம்ஸ் காலத்து ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த ஒருவர். ஒத்திகையில் கெர்ஷ்வினின் துண்டில் அந்தப் பெரிய மெட்டு வருவதற்கு முன் ஏறிப்போகும் ஒரு பகுதி இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னவர் ஹெர்பர்ட்தான் என்றும் ஒரு கதை உண்டு. யூதக் குடியேறிகளின் மகன் கெர்ஷ்வினுக்கு அப்போது 25 வயது.

அதே வருஷம் மே 26. லாம்ப்ஸ் கிளப்பில் நண்பர்களோடு மதியம் சாப்பிட்டிருக்கிறார். உடம்பு சரியில்லை என்று மருத்துவரைப் பார்க்கப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். பிராங்க்ஸில் உட்லான் கல்லறையில் இருக்கிறார்.

#17 · நேர்பேச்சு

குயின்ஸ்வாசி, என் கேள்வியைத் தட்டிக் கழிக்காததற்கு நன்றி. செரினேடுகளைக் கேட்டேன். நான்கில் ஒன்று சீனம், ஒன்று ‘கீழைத்தேயம்’. அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. ஆனால் அந்த ஸ்பானிய செரினேடின் எழுத்து நன்றாகவே இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஷான்லி வழக்கு எனக்குத் தெரியாது. தெரிந்தது நல்லது.

#18 · ரெண்டாம்கீபோர்டு

கருப்புக்கோட்டு சார், அடுத்த சனிக்கிழமை ஒரு கல்யாண ரிசப்ஷன். தொகையை எழுதி அனுப்பினேன், “சரி தம்பி”ன்னு பதில் வந்திருக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிட்டேன்.

#19 · குயின்ஸ்வாசி

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்க் போனேன். சிலைக்கு எதிர் பெஞ்சில் ஒரு மாணவி செல்லோப் பெட்டியை மடியோடு சாய்த்துக்கொண்டு ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவர் யார் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். மூன்று டிராம்போன் கதையைச் சொன்னேன். ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பெயரைப் படித்துவிட்டு வந்து, “த்வோர்ஷாக் கான்செர்ட்டோதான் இந்த வருஷம் எனக்குப் பாடம்” என்றாள்.

நாலாம்கம்பி, இரண்டாவது கான்செர்ட்டோவின் ஸ்வரத்தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். கொஞ்சம் எழுதி அனுப்புங்கள், அவளுக்குச் சேர்ப்பித்துவிடுகிறேன்.